ஏப்ரல் மாதத்து மகரந்தம்

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் உன் அத்தானும் வாண்டுவும் சுகம். காலையில் குழாய்த் தண்ணீர் மட்டும் உறைந்துபோய் எங்களைப் பழிவாங்குகிறது. நீ எப்படி இருக்கிறாய்? வெல்டிங் மாமாவுக்கு இருமல் நின்றதா?

போனில் உன் குரல் நாலு வார்த்தைக்கு ஒரு தடவை அறுந்துபோகிறது. அதனால் பண்ணையிலிருந்து உன் ஆய்வகத்துக்கு மாதிரிப் பெட்டி போகும்போதெல்லாம் ஒரு கடிதம் வைக்கிறேன். பெட்டி திரும்பும்போது நீயும் வை.

போன வாரம் ஓர் அதிகாரி பண்ணையைப் பார்க்க வந்தார். வயலோரம் நின்று, "இந்தக் கோதுமை அப்படி என்னம்மா பண்ணுது?" என்றார். "கதிர் தண்டுக்குள்ளேயே இருக்கிற சமயத்துல குளிர் பட்டா இதோட மகரந்தம் செத்துடும். அதே செடி சூடான இடத்துல ஒழுங்கா விதை கட்டும். சொந்த மகரந்தம் இல்லாத செடிக்குப் பக்கத்துல வேற ரகத்தை நட்டா நேரா கலப்பு விதை கிடைக்கும். கதிர் கதிரா உக்காந்து மகரந்தப்பையைப் பிடுங்க வேண்டாம்" என்றேன். எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, "அப்ப ஹீட்டர் வெச்சா சரியாயிடும்?" என்றார். "ஆயிடும் சார். வயலுக்கு ஸ்வெட்டர் பின்னிப் போட்டாலும் ஆயிடும்." அதையும் குறித்துக்கொண்டார்.

மலட்டுச் செடியையும் நல்ல ரகத்தையும் கலந்து வந்த பேரப்பிள்ளைகள் இப்போது வயலில் தரையோடு ஒட்டிக் கிடக்கின்றன. கதிர் வந்ததும் ஒவ்வொரு செடியின் மகரந்தப்பைகளையும் ஆல்கஹால் குப்பியில் போட்டு உனக்கு அனுப்புவேன். எது மலடு, எது இல்லை என்று நீ மைக்ரோஸ்கோப்பில் பார்த்துச் சொல்ல வேண்டும். இலைகளின் டி.என்.ஏ.வில் இடம் காட்டும் அடையாளங்கள், அந்த மார்க்கர் முடிவுகள், தனியாக வரும். இரண்டையும் பொருத்தினால்தான் அந்த மரபணு எந்தக் குரோமோசோமில் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று தெரியும். மார்க்கர் அநேகமாகத் தப்பாது. பார்க்கிறவர் கண் தப்பினால் இடமே மாறிவிடும். தம்பி என்பதற்காக உன்னைக் கேட்டு வாங்கவில்லை. உன் கண்ணுக்காகத்தான் வாங்கினேன். இந்தப் பருவம் சரியாக வந்தால் உன் வேலையும் நிரந்தரம் என்று இயக்குநர் சொல்லியிருக்கிறார்.

வாண்டுவுக்கு உன் மூக்கு என்று பார்க்கிறவர்கள் எல்லாம் சொல்கிறார்கள். பாவம் அவன்.

அக்கா

ஜனவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். மாமாவின் இருமல் நின்றுவிட்டது, பாட்டு நிற்கவில்லை. வாண்டுவிடம் சொல், இந்த மூக்குக்காக நான் பட்டதையெல்லாம் அவனும் படுவான், தைரியமாக இருக்கட்டும்.

மகரந்தத்துக்குச் சாயம் ஏற்ற அயோடின் புதிதாக வாங்கிவிட்டேன். மைக்ரோஸ்கோப்பின் பல்பு மங்கல். மாற்றச் சொன்னேன், மாற்றினார்கள், இன்னும் மங்கலாகத்தான் இருக்கிறது. ஸ்டோர்காரர், "தம்பி, சூரியனையே கொண்டாந்து மாட்டட்டுமா?" என்கிறார்.

ஒன்று கேட்க வேண்டும். மாமாவுக்குக் கண் போனது வெல்டிங் வெளிச்சத்தால்தானா? அம்மா இருந்தபோது உன்னிடம் வேறு ஏதாவது சொல்லியிருக்கிறாளா? சும்மா, பேச்சு வந்தது. அதனால் கேட்டேன்.

அத்தானுக்கு என் விசாரிப்பு.

தம்பி

பிப்ரவரி 3 (அனுப்பாதது)

அக்கா,

பல்பில் ஒரு குறையும் இல்லை. இடது கண்ணின் நடுவில் ஒரு புகை நிற்கிறது. ஓர் ஆளை நேராகப் பார்த்தால் முகம் இருக்காது, காதும் தோளும் இருக்கும். வலி இல்லை. அதனால்தான் இத்தனை நாள் பல்பைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா ஏதேதோ வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, "வீட்ல வேற யாருக்காவது இப்படி?" என்றார்.

"மாமாவுக்கு. ஆனா அது வெல்டிங்ல போனது."

"எந்த மாமா? அம்மா கூடப் பிறந்தவரா?"

ஆமாம் என்றதும் அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். ரத்தம் எடுத்தார்கள். நேற்று முடிவு வந்தது. இது அம்மா வழியாக மட்டுமே வருவதாம். அம்மாவிடமிருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் போகுமாம். பெண்களுக்குப் பார்வை போவது குறைவு, ஆனால் அவர்கள் தங்கள் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவார்களாம். ஆண்களில் பல பேருக்கு இருபது, இருபத்தைந்து வயதில் ஒரு கண் போய், கொஞ்ச நாளில் அடுத்ததும் போகுமாம். மருந்து என்று உறுதியாக எதுவும் இல்லையாம்.

"கூடப் பிறந்தவங்க இருக்காங்களா?" என்று கேட்டார்.

"ஒரு அக்கா."

"அவங்களுக்குக் குழந்தைங்க?"

இல்லை என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. இருக்கிறான் என்று சொன்னால் அந்தக் காகிதத்தில் அவனையும் எழுதிவிடுவார் என்று பட்டது. நான் உன்னிடம் என் கண்ணைப் பற்றிச் சொன்னால், நீ படித்த படிப்புக்கு, அடுத்த வரியை நான் சொல்லவே தேவையில்லை.

எல்லோருக்கும் வந்தே தீரும் என்று இல்லையாம். அக்கா, வாண்டுவை

மார்ச் 7

அன்புள்ள தம்பிக்கு,

பெட்டி வந்தது, கடிதம் இல்லை. கையில் என்ன சுளுக்கா? இங்கே எல்லோரும் சுகம். வாண்டுவுக்கு முன்பல் இரண்டும் விழுந்து, "சிரிக்க மாட்டேன்" என்று ஒரு வாரமாகப் போராட்டம். நீங்கள் இருவரும் நலந்தானே?

நீ கேட்டதற்கு இப்போதுதான் உட்கார்ந்து பதில் எழுதுகிறேன். மாமா கறுப்புக் கண்ணாடி போடாமல் வெல்டிங் பண்ணுவார், அதனால் போச்சு என்றுதான் அம்மா சொல்வாள். அம்மாவின் மாமா ஒருவருக்கும் இள வயதிலேயே பார்வை போனதாம். அது கள்ளச்சாராயம் என்று சொல்வாள். மொத்தத்தில் நம் அம்மா வீட்டு ஆண்களுக்குக் கண்ணைக் காப்பாற்றத் தெரியவில்லை. நீயாவது ஒழுங்காக இரு.

தண்டில் கணுக்கள் எழும்பிவிட்டன, உள்ளே கதிர் உருவாகிறது. குளிர் நமக்குச் சாதகமாக நிற்கிறது. நான் தினமும் காலையில் வெப்பமானியைப் பார்த்துவிட்டு சந்தோஷமாக நடுங்குகிறேன். பூக்கும் முன்பே ஒவ்வொரு செடியிலும் சில கதிர்களுக்குக் காகித உறை மாட்டப்போகிறோம். வேறு மகரந்தம் உள்ளே வராது. உறைக்குள் விதை கட்டினால் நல்ல செடி, கட்டாவிட்டால் மலடு. அது கோடையில் தெரியும். அதுவரை உன் மைக்ரோஸ்கோப்தான். மாதக் கடைசியில் முதல் தொகுதி வரும், ஏப்ரலில் இரண்டாவது, பெரியது.

மாமாவின் பாட்டைக் கேட்டதாகச் சொல்.

அக்கா

ஏப்ரல் 26

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். மாமாவும் நலம். வாண்டுவின் பல் முளைத்துவிட்டதா?

இரண்டு தொகுதியும் பார்த்து முடித்தேன். முடிவுகள் உள்ளே இருக்கின்றன. குப்பிகளில் மிச்சமிருக்கும் மகரந்தப்பைகளைக் கொட்டவில்லை, எண் போட்டு அலமாரியில் வைத்திருக்கிறேன். என்றைக்காவது தேவைப்படலாம்.

எழுத்து பெரிதாக இருக்கிறது என்று கேலி செய்யாதே. புதுப் பேனா, மை அதிகம் ஊற்றுகிறது. வரிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருந்தால் பொறுத்துக்கொள்.

தம்பி

ஜூன் 11

தம்பிக்கு,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. மாமா எப்படி இருக்கிறார் என்று மட்டும் எழுது.

மே மாதம் முழுவதும் வரைபடத்தோடு மல்லுக்கட்டினேன். முதல் தொகுதியை மட்டும் வைத்தால் மரபணு ஓரளவு ஓர் இடத்தில் நிற்கிறது. இரண்டாவது தொகுதியைச் சேர்த்ததும் பைத்தியம் பிடித்தது போலக் குரோமோசோம் முழுக்க ஓடுகிறது. மார்க்கர் ஆட்களைச் சந்தேகப்பட்டேன். ஒருவரை எல்லோர் முன்னாலும் திட்டினேன். அவர் மறுபடியும் இலையிலிருந்து ஆரம்பித்துச் செய்து கொடுத்தார். அதே முடிவு.

நேற்று வயலுக்குப் போய் உறைகளைக் கழற்றிக் கதிர்களை விரலால் அழுத்திப் பார்த்தேன். நீ "நல்ல மகரந்தம்" என்று எழுதிய செடிகளில் பாதிக்கு மேல் சப்பை. ஒரு மணி இல்லை. மார்க்கர் சொன்னதுதான் சரி. ஏப்ரலில் நீ எழுதியது பொய்.

நல்ல மகரந்தம் அயோடினில் உருண்டையாகக் கறுத்து நிற்கும், செத்தது சுருங்கி வெளிறிக் கிடக்கும். வாண்டு சொல்வானே அதை. உனக்கு என்ன வந்தது? பார்த்தாயா, பார்க்காமலே எழுதினாயா? ஒரு வார்த்தை, "அக்கா, முடியவில்லை, ஆள் போடு" என்று எழுதியிருந்தால் போட்டிருப்பேனே.

இயக்குநர் கேட்டார். அறிக்கையில் உன் பெயரைத் தவிர்க்க முடியாது. உன் வேலை நீட்டிக்கப்படும் என்று இனி எதிர்பார்க்காதே. தம்பி என்று நான் மூடி மறைத்தால் திட்டின அந்த மனுஷன் முகத்தில் எப்படி விழிப்பேன்?

இது கிடைத்த மூன்று நாளுக்குள் பதில் வேண்டும்.

அக்கா

ஜூன் 25

அன்புள்ள அக்காவுக்கு,

மாமா சுகம்.

நீ எழுதியது சரி. ஏப்ரலில் வேலையில் மனம் இல்லை. ஒரு பெண்ணோடு பழக்கம். சாயங்காலம் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டே ஸ்லைடுகளைத் தள்ளிவிட்டேன். அது இப்போது முடிந்துவிட்டது. யார் என்று கேட்காதே.

மார்க்கர் பார்த்தவரிடம் என் சார்பில் மன்னிப்புக் கேள். அறிக்கையில் என் பெயரை எழுது. நான் ஒன்றும் நினைக்க மாட்டேன்.

குப்பிகளை எல்லாம் இந்தப் பெட்டியில் அனுப்பிவிட்டேன். கண் நல்லதாக இருக்கிற ஆளை வைத்துப் பார்க்கச் சொல்.

தம்பி

ஆகஸ்ட் 3

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே வாண்டுவும் அத்தானும் சுகம். நீ எப்படி இருக்கிறாய் என்று எழுதிவிட்டு வெகு நேரம் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

அறிக்கை ஜூலையிலேயே போய்விட்டது. உன்னை அனுப்பிவிட்டார்கள் என்று தெரியும். நீ ஒரு வரி எழுதவில்லை. நானும் எழுதவில்லை. கோபம்.

போன வாரம் உன் குப்பிகளை நானே பார்த்தேன். நீ தப்பாக எழுதிய செடிகளை மட்டும் தனியாக எடுத்தேன். அலட்சியமாக எழுதுகிறவன் இரண்டு பக்கமும் தப்புவான். நல்லதை மலடு என்பான், மலட்டை நல்லது என்பான். நீ நல்ல செடி ஒன்றைக்கூட மலடு என்று எழுதவில்லை. நீ தவறவிட்ட செடிகள் அத்தனையிலும் செத்த மகரந்தம் கும்பலாக ஒட்டிக் கிடக்கிறது. கும்பலாகக் கிடந்தால் மொத்தமாகப் பார்க்கும்போது கறுப்பாகத் தெரியும். மணி மணியாகப் பார்த்தால்தான் ஒவ்வொன்றும் சுருங்கி இருப்பது தெரியும்.

நீ ஒவ்வொன்றையும் பார்த்திருக்கிறாய். மணியைத்தான் பார்க்க முடியவில்லை.

அதற்கப்புறம் உன் ஏப்ரல் கடிதத்தையும் ஜூன் கடிதத்தையும் எடுத்தேன். புதுப் பேனா அப்படி எழுதாது. மாமா கையெழுத்துப் போட்டால் அப்படித்தான் ஒரு எழுத்தின் மேல் இன்னொன்று ஏறும்.

மாமாவுக்கு வெல்டிங். அம்மாவின் மாமாவுக்குச் சாராயம். உனக்கு என்னடா?

போனில் கேட்டால் சிரித்துச் சமாளிப்பாய். எழுதி அனுப்பு. பெண்ணோடு பழக்கம் என்று இன்னொரு தடவை எழுதாதே. உனக்கு அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது.

அக்கா

ஆகஸ்ட் 14

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி சொல்ல, மாடியில் குடியிருக்கும் தையல்காரம்மா எழுதுகிறார். மாமா தான் எழுதித் தருவதாகச் சொன்னார். வேண்டாம் மாமா, இரண்டு பேருக்கும் ஒரு கண்ணாவது தெரிய வேண்டும் என்றேன்.

நீ நினைத்தது சரி. ஜனவரியில் இடது, ஏப்ரல் தொடக்கத்தில் வலது. முதல் தொகுதியை வலது கண்ணால் பார்த்தேன். அது சரியாகத்தான் இருக்கும். இரண்டாவது வந்தபோது நடுவில் ஒன்றும் இல்லை. ஓரக்கண்ணால் பார்த்தேன். மைக்ரோஸ்கோப்பின் வட்டம் மொத்தத்தில் கறுப்பாக இருந்தால் நல்லது, வெளிறி இருந்தால் மலடு. சமாளித்துவிட்டதாகவே நினைத்தேன். உன்னை ஏமாற்ற நினைக்கவில்லை. உன் கடிதம் வந்த அன்றுதான் என்ன செய்து வைத்திருக்கிறேன் என்று தெரிந்தது. அந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டியதும் இந்த அம்மாதான். "உங்க அக்கா வாயில நல்லாத்தான் கத்தி வெச்சிருக்காங்க" என்றார். (நான் அப்படிச் சொல்லவில்லை, வேற மாதிரி சொன்னேன். தையல்காரி.)

ஆஸ்பத்திரியில் சொன்னதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அம்மாவையும் மாமாவையும் என்னையும் வைத்து நீயே கோடு போட்டிருப்பாய். அந்தக் கோட்டை உன் வரைக்கும் இழுத்து, அதற்குக் கீழேயும் இழுத்திருப்பாய். அதை நீ இழுக்கக் கூடாது என்றுதான் பெண் பழக்கம் வரைக்கும் போனேன். நான் சோம்பேறி என்று நீ கடைசி வரை நம்பியிருந்தால் எனக்குப் பரவாயில்லை.

எல்லோருக்கும் வருவதில்லை. வராமல் போனவர்கள் நிறைய என்று டாக்டரம்மா சொன்னார். இதை மட்டும் இரண்டு தடவை படி.

மாமா வெல்டிங் கதையை இன்னும் விடவில்லை. "என் கண்ணு தீப்பொறியில போச்சுடா, உன் கண்ணோட சேக்காதே" என்கிறார். அப்புறம், "இத்தனை வருஷமா இந்த வீட்ல நான் ஒருத்தன்தான் லைட் போடாம இருந்தேன். இனிமே கரண்ட்காரன் நம்ம வீட்டை மறந்துடுவான்" என்று சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து அழுதார். நான் பார்க்கவில்லை, கேட்டேன்.

தம்பி

செப்டம்பர் 5

அன்புள்ள தம்பிக்கு,

உன்னைப் பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பி வந்து சேர்ந்தோம். மூவரும் சுகம். வாண்டுவுக்குப் பஸ்ஸில் வாந்தி, இப்போது சரி. உனக்கும் மாமாவுக்கும் உடம்பு எப்படி இருக்கிறது?

அங்கே இருந்த நாட்களில் உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும் என்றே இருந்தேன். வாண்டு உன் மடியை விட்டு இறங்கவில்லை. "நான் எங்க இருக்கேன் சொல்லு" என்று அறை முழுக்க ஓடினான். நீ ஓரக்கண்ணால் தேடித் தேடிப் பிடித்தாய். அவனுக்கு அது விளையாட்டு. நான் அடுப்படியில் நின்று பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். தையல்காரம்மா வந்து குழாயை நிறுத்தினார்.

உன்னை வேலையை விட்டு அனுப்பிய அறிக்கையில் என் கையெழுத்து இருக்கிறது. இயக்குநரிடம் உண்மையை எழுதிக் கொடுத்துவிட்டேன். அவர் வருத்தப்பட்டார். அதனால் உனக்கு என்ன.

கேட்க நினைத்தது இதுதான். எப்படி ஆரம்பித்தது? எல்லாவற்றுக்கும் முதலில் என்ன தெரிந்தது? புகைக்கு முன்னால் ஏதாவது இருந்திருக்கும். வெளிச்சமா, நிறமா, எழுத்தா? ஒன்று விடாமல் சொல். இவனுக்கு ஏழு வயது. இப்போதே வராது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கேட்கிறேன்.

வாண்டுவுக்கும் வரலாம் என்று அத்தானிடம் இன்னும் சொல்லவில்லை.

அக்கா

செப்டம்பர் 18

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். மாமா எனக்கு டீ ஊற்றக் கற்றுக்கொடுக்கிறார். டம்ளர் நிறையும்போது சத்தம் மாறும் என்கிறார். எனக்கு இன்னும் மாறவில்லை. தரை நன்றாகக் குடிக்கிறது.

நீ கேட்டதைச் சொல்ல மாட்டேன். தையல்காரம்மாகூட, "சொல்லிடு தம்பி, பெத்தவ கேக்கிறா" என்கிறார். சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தினமும் காலையில் எழுந்து அதைத்தான் அவனிடம் தேடுவாய். அவன் பள்ளிக்கூடம் போகும் வரைக்கும் தேடுவாய். கதிருக்கு உறை போட்டுவிட்டுத் தினமும் கழற்றிப் பார்த்தால் எந்தச் செடி தாங்கும்? வருவதாக இருந்தால் அதற்கு இன்னும் காலம் இருக்கிறது. அதுவரை அவன் சும்மா வளரட்டும். முன்பல் முளைக்கட்டும்.

அத்தானிடம் சொல்லிவிடு. தனியாக வைத்துக்கொள்ளாதே. நான் வைத்துப் பார்த்தேன், முடியவில்லை.

தம்பி

அக்டோபர் 1

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உனக்கும் மாமாவுக்கும் அப்படியே இருக்கட்டும்.

வரைபடம் முடிந்தது. ஏப்ரல் குப்பிகளை இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்தார்கள். மரபணு இரண்டு மார்க்கர்களுக்கு நடுவில் அசையாமல் நிற்கிறது. முதல் தொகுதி பார்த்தவன் என்று உன் பெயர் கட்டுரையில் இருக்கும். நான் திட்டின அந்த மார்க்கர்காரர்தான் முதலில் அதை எழுதிச் சேர்த்தார்.

அத்தானிடம் சொன்னேன். வயல் வரைக்கும் நடந்து போனார். இருட்டும்வரை திரும்பவில்லை.

நீ சொல்லாததைப் புத்தகத்தில் படித்துவிட்டேன். சிவப்புதான் முதலில் வெளிறுமாம். படித்த மறுநாள் காலை வாண்டு பால் குடிக்கும் டம்ளரைக் காட்டி என்ன நிறம் என்று கேட்டேன். சிவப்பு என்றான். அடுத்த நாளும் கேட்டேன். அதற்கு அடுத்த நாள், "நேத்தும் சிவப்புன்னுதானே சொன்னேன். உனக்குத் தெரியலையாம்மா?" என்று என் முகத்தையே பார்த்தான். சாப்பிடாமல் பார்த்தான்.

இனிக் கேட்கக் கூடாது என்று இன்று காலை வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பையை மாட்டிக்கொண்டு வாசல் வரை போனவன் திரும்பி வந்தான். டம்ளரை எடுத்து என் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து, "இன்னிக்கும் சிவப்புதாம்மா, பயப்படாதே" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அக்கா